மாட்டு டாக்டருக்கு யார் வாத்தியார்?

நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்களில் மனிதருக்கு உடம்பு சரியில்லை என்றால் டிரெசர் இருந்தார். மருந்து கலந்து கொடுப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், முடியாவிட்டால் சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பார். லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்ற பசுவுக்கு அப்படி யாரும் இல்லை. பால்வெட்டுச் சம்பளம் அரிசிக்கும் சாமானுக்கும் சரியாகப் போய்விட, பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பசுவின் மடிதான் தாங்கிய வீடுகள் நிறைய. அந்தப் பசு மடிவீக்கத்தில் படுத்துவிட்டாலோ, கன்று குறுக்கே மாட்டிக்கொண்டாலோ, 'மாடு பார்க்கத் தெரிந்த' பெரியவர் ஒருவரைத் தேடி ஆள் ஓடும்.

அந்தப் பெரியவர் எங்கே படித்தார்? தன் அப்பனோடும் மாமனோடும் கொட்டகை கொட்டகையாக நடந்து படித்தார். ஒரு கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மாட்டின் வாலைத் தூக்கிப் பிடித்து நின்ற பையன்தான் இருபது ஆண்டு கழித்து அதே தோட்டத்தின் மாட்டு வைத்தியன். அவருடைய மருந்தில் எவ்வளவு பலித்தது, எவ்வளவு பலிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. கற்பவன் எப்போதும் மூத்தவனின் பக்கத்திலேயே நின்றான்.

தோட்டத்து மாடுகளின் சுவடு அரசாங்கப் பதிவுகளிலும் உண்டு. இந்தியாவிலிருந்து வந்தவர்களோடு வந்த மாடுகளின் வழித்தோன்றல்களை மலேசியக் கால்நடைச் சேவைத் துறை எல்.ஐ.டி. என்று குறிப்பிடுகிறது, உள்ளூர் இந்தியக் கறவை இனம் என்பது அதன் பொருள். பிறகு துறை சாஹிவாலையும் ஃபிரீசியனையும் கலந்து மாஃப்ரிவால் என்ற கலப்பினத்தை உருவாக்கியது. இனம் மாறியது, தீவனமும் ஊசியும் கூடவே வந்தன. பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு மட்டும் அவற்றோடு வந்ததா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

மலாயாவில் அரசாங்கக் கால்நடைச் சேவை 1888-ல் பினாங்கில் தொடங்கியது. துறைமுகத்தில் வந்திறங்கும் மாடுகளோடு வெக்கை நோயும் வந்திறங்கிய காலம் அது. நோயைத் தடுத்து நிறுத்துவதுதான் வேலை. மாட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுப்பது பெரிதாக யாருக்கும் தோன்றவில்லை. 1948-ல் ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. ஆனால் கால்நடை மருத்துவராக விரும்பிய மலேசிய இளைஞர் 1970-களின் தொடக்கம்வரை கப்பலோ விமானமோ ஏறித்தான் ஆக வேண்டும். சிலர் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போனார்கள், வேறு சிலர் ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோ. 1972-ல்தான் செர்டாங்கில், அன்றைய விவசாயப் பல்கலைக்கழகத்தில் (இன்றைய புத்ரா பல்கலைக்கழகம்), கால்நடை மருத்துவத்துக்கு உள்ளூரில் ஒரு பீடம் அமைந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1974-ல், கால்நடை மருத்துவர் சட்டம் வந்தது. பதிவு செய்துகொண்டவர்தான் தொழில் செய்யலாம், அதை மேற்பார்க்க ஒரு மன்றம் உண்டு என்ற ஒழுங்கு அதிலிருந்து ஏற்பட்டது.

பட்டம் கிடைத்தது, பதிவும் கிடைத்தது. அதற்கு அடுத்த நாள் காலை அந்த இளைஞர் யாருடைய ஜீப்பில் ஏறினார் என்பதைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. மாவட்ட அலுவலகத்தில் நல்ல மூத்தவர் வாய்த்தால் அவர் பாக்கியசாலி. வாய்க்காவிட்டால் பண்ணைக்காரர்தான் வாத்தியார். அவருடைய மாடுகள்தான் பாடப்புத்தகம், சில சமயம் அதற்கு விலையும் அவரே கொடுத்தார்.

இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒரே சமயத்தில் வெளிச்சத்துக்கு வந்த இடம் நெகிரி செம்பிலானில்தான் இருக்கிறது. போர்ட் டிக்சன் மாவட்டத்தில், லுக்குட்டுக்கு உள்ளே, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த புக்கிட் பெலாண்டோக். தென்கிழக்காசியாவின் பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரங்களில் ஒன்றாக அது இருந்தது. பண்ணைகள் சீனர்களுடையவை. அவற்றில் கூலிக்கு நின்றவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள்.

1998 செப்டம்பர் கடைசியில் பேராவில், ஈப்போவுக்கு அருகே, பன்றிப் பண்ணையாளர்கள் கடுங்காய்ச்சலோடும் மூளை அழற்சியோடும் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று தீர்மானிக்கப்பட்டது. அந்தத் தீர்மானத்துக்குக் காரணங்கள் இருந்தன. அந்த நோயின் கிருமி பன்றிக்குள் பெருகி, கொசு வழியாக மனிதருக்கு வருவது. சில நோயாளிகளிடம் அதற்கான சான்றும் கிடைத்திருந்தது. ஆகவே கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. பயந்துபோன பண்ணையாளர்கள் கிடைத்த விலைக்குப் பன்றிகளைத் தள்ளிவிட்டார்கள். லாரிகளில் ஏறித் தெற்கே வந்த பன்றிகளோடு நோயும் வந்தது. 1998 டிசம்பரிலும் 1999 ஜனவரியிலும் சிகாமாட், சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் என்று நெகிரி செம்பிலான் பெயர்கள் பட்டியலில் ஏறின.

இடைப்பட்ட மாதங்களில் கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே சாய்ந்தவர்கள் திடகாத்திரமான ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் இறந்தார்கள். ஒரே வீட்டில் இருவர் மூவர் படுத்தார்கள். அக்கம்பக்கத்தில் வாழ்ந்தும் பன்றியைத் தொடாத முஸ்லிம்களுக்கு நோய் வரவில்லை. கொசு மதம் பார்த்துக் கடிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் வளர்ந்த பன்றி நோய்ப்படுவதில்லை. இங்கே பன்றிதான் முதலில் நோய்ப்பட்டது. நாய் குரைப்பதுபோல் வறட்டு இருமல், கொட்டிலில் தொடங்கினால் வெகுதூரம் கேட்கும். தாய்ப்பன்றிகள் சில, விறைத்து இழுத்துத் திடீரென்று விழுந்தன.

இதில் கடைசிச் சான்று முழுக்க முழுக்கக் கால்நடை மருத்துவரின் பார்வைக்கு உரியது. அதை ஏன் முன்னதாகப் பிடிக்க முடியவில்லை? அன்றைய கால்நடைச் சேவைத் துறைத் தலைமை இயக்குநர் முகமட் நோர்டின் முகமட் நோரும் சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கை இதற்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்கிறது. பண்ணைகளில் பன்றிச் சாவு அதிகமில்லை, நூற்றுக்கு ஐந்துக்கும் கீழேதான். அறிகுறிகளும் ஏற்கெனவே தெரிந்த பன்றி நோய்களிலிருந்து வெளிப்படையாக வேறுபடவில்லை. ஆகவே புதிய நோய் என்று யாருக்கும் உறைக்கவில்லை. பதவியில் இருந்தபடியே, உலக விலங்கு நல அமைப்பின் ஆய்விதழில் இப்படி எழுதிவைத்த செயலை ஒரு தலைமைப் பண்பாகவே எண்ண வேண்டும். அடுத்த தலைமுறைக்கு அதைவிடப் பயனுள்ள பாடக்குறிப்பு கிடைத்திருக்காது: 'குறைவாகச் சாகிறது' என்பதும் ஒரு எச்சரிக்கையாக இருக்கலாம்.

முடிச்சை அவிழ்த்தவர் கால்நடை மருத்துவர் அல்லர். மருத்துவராக இருந்துகொண்டே கிருமியியல் பயின்றுவந்த சுவா காவ் பிங். லாம் சாய் கிட் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்த கிருமியியல் துறையில் அவர் இருந்தார். 1999 மார்ச் தொடக்கத்தில், சுங்கை நிப்பா நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரிலிருந்து அவர் வளர்த்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருகிப்போயிருந்தன. தெரிந்த கிருமிகளுக்கான சோதனை எதிலும் விடை வரவில்லை. மாதிரியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையத்துக்கே சென்றார். அங்கே மின்னணு நுண்நோக்கியில் தெரிந்தது, 1994-ல் பிரிஸ்பேன் அருகே குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்ற ஹெண்ட்ரா கிருமியின் நெருங்கிய உறவு. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்தப் பெயரைச் சுமந்ததால் கிராமத்து மக்கள் பட்டதும் கொஞ்சமில்லை.

இங்கே சற்று நிற்க வேண்டும். மூத்தவர்களின் நோய்க்கணிப்பு ஐந்து மாதமாக நின்றுகொண்டிருக்கிறது. அரசு இயந்திரம் முழுவதும் அதன்படி ஓடுகிறது. பயிற்சியில் இருக்கும் ஒருவர் கண்ணாடித் தட்டைப் பார்த்துவிட்டு 'இது வேறு' என்கிறார். மலேசிய அரசுப் பணி வரிசை முறைக்குப் பேர்போனது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் முடிவைக் கேள்வி கேட்பது அங்கே வழக்கமில்லை. வழிகாட்டல் என்றால் மேலிருந்து கீழே பாயும் அறிவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிப்பா சொன்ன செய்தி, அதன் கடினமான பாதி எதிர்த்திசையில் இருக்கிறது என்பது. கீழேயிருந்து எழும் ஐயம் மேலே போய்ச் சேர ஒரு படிக்கட்டு வேண்டும். பண்ணையில் இரைப்பெட்டியை நிரப்பிய கூலியாள் 'இந்த இருமல் புதுசுங்க' என்று சொன்னால் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் கால்நடை உதவியாளர் ஒருவர் வேண்டும். அந்த உதவியாளரின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் மாவட்ட மருத்துவர் வேண்டும்.

விடை தெரிந்த பிறகு துறை அசாத்திய வேகத்தில் இயங்கியது. 1999 ஏப்ரல் 26-க்குள் நோய்ப் பகுதிகளில் 896 பண்ணைகளின் 901,228 பன்றிகள் அழிக்கப்பட்டன. இராணுவம் இறங்கியது. பெரிய குழிகளில் சுட்டுப் புதைத்தார்கள். அந்தப் பணியில் இருந்த சிப்பாய்கள் சிலருக்கும் கிருமி தொற்றியது. உயிரைக் காக்கப் படித்த கால்நடை மருத்துவர்கள், கணக்கெடுத்து, எல்லை குறித்து, ஆயிரம் ஆயிரமாகக் கொல்லும் வேலையை மேற்பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் ஆய்வகத்தில் உருவான இரத்தச் சோதனை முறை ஈப்போ நிலையத்துக்கு வந்தது. அதைக் கொண்டு ஏப்ரல் 21 முதல் ஜூலை 20 வரை நாடு முழுவதும் 889 பண்ணைகளைச் சோதித்தார்கள். 50 பண்ணைகளில் கிருமி இருந்த தடயம் தென்பட்டது. மேலும் 172,750 பன்றிகள் போயின. ஆக மொத்தம் 11 லட்சத்தை நெருங்கியது. 1,885 பண்ணைகள் இருந்த நாட்டில் 829 எஞ்சின. மனிதக் கணக்கு: 265 நோயாளிகள், 105 உயிர்கள். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேருக்கு நோய், ஒருவர் இறந்தார்.

இந்த எண்களுக்கு நடுவே அதிகம் பேசப்படாத ஒன்று நடந்தது. ஹெண்ட்ராவின் மூலம் பழந்தின்னி வௌவால் என்பதை 1996-ல் கண்டறிந்த குழுவில் இருந்த ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் ஹியூம் ஃபீல்டு மலேசியாவுக்கு வந்தார். உள்ளூர்க் கால்நடை மருத்துவர்களோடு சேர்ந்து வௌவால் பிடிக்கப் போனார். 14 இனங்களைச் சேர்ந்த 324 வௌவால்களிடம் இரத்தம் எடுத்தார்கள். ஐந்து இனங்களைச் சேர்ந்த 21 வௌவால்களில் நிப்பாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. 2001-ல் அந்த ஆய்வு வெளிவந்தபோது ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் மலேசியக் கால்நடை மருத்துவர் ஜோஹாரா முகமட் யோப்புடையது. ஃபீல்டின் பெயர் அதற்குப் பின்னால் வந்தது.

ஆராய்ச்சி உலகில் இது சின்ன விஷயமில்லை. வெளிநாட்டு வல்லுநர் வந்து மாதிரிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போய், உள்ளூர்க்காரருக்குக் கடைசி வரியில் நன்றி சொல்லும் கதைகள் வெப்பமண்டல நாடுகளில் மலிந்து கிடக்கின்றன. வலை கட்டவும், வௌவாலைக் கடிபடாமல் பிடிக்கவும், இறக்கை நரம்பில் இரத்தம் எடுக்கவும் ஒருவரோடொருவர் பக்கத்தில் நின்று கற்ற குழு அது. பெயரும் உள்ளூரில் தங்கியது, கைத்திறனும் தங்கியது. சில காலம் கழித்து சுவா காவ் பிங்கின் குழு தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்களின் சிறுநீரைச் சேகரித்து அதிலிருந்து நிப்பாவை உயிரோடு பிரித்தெடுத்தது. பேராவின் முதல் பண்ணையில் கொட்டிலை ஒட்டி நின்ற மாமரங்களும், அவற்றில் பழம் தின்ன வந்த வௌவால்களும் அப்போது கதையில் தத்தம் இடத்தைப் பெற்றன.

பாடம் பரவியதா என்று பார்க்கக் கேரளம் உதவும். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் அதே அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வந்தார். மருத்துவர் அனூப் குமாரின் குழு சாதாரண மூளைக்காய்ச்சல் என்று விட்டுவிடவில்லை. மாதிரி மணிப்பாலில் அருண்குமார் நடத்திய கிருமி ஆய்வகத்துக்குப் போனது. சில நாட்களில் நிப்பா என்று பதில் வந்தது. அந்தக் கொள்ளைநோயிலும் 17 பேர் இறந்தார்கள், செவிலியர் லினி உட்பட. ஆனால் ஐந்து மாதத் தவறான நோய்க்கணிப்பு அங்கே இல்லை. சுங்கை நிப்பாவில் கிடைத்த பெயரும் படமும் கையில் இருந்தன என்பது ஒரு காரணம். ஒரே குடும்பத்தில் இருவர் என்றால் நின்று யோசிக்க வேண்டும் என்று பழகியிருந்த கண் மற்றொரு காரணம்.

அந்தக் கண்ணை எப்படிப் பழக்குவது? தமிழ் வாசகருக்கு நன்கு தெரிந்த ஒரு கால்நடை மருத்துவர் இங்கே நினைவுக்கு வருவார். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையின் நாயகர் கற்பனை மனிதர் அல்லர். தமிழ்நாட்டு வனத்துறையில் பணியாற்றி 2002-ல் மறைந்த வி. கிருஷ்ணமூர்த்தி. டாப்ஸ்லிப், முதுமலை யானை முகாம்களில் கழிந்தது அவருடைய வாழ்க்கை. காட்டில் யானை செத்துக் கிடந்தால் அழுகி நாறினாலும் அறுத்துப் பார்த்து, ஏன் செத்தது என்று எழுதிவைத்தே தீர வேண்டும் என்பதில் அவர் பிடிவாதக்காரர். இளம் மருத்துவருக்கு அந்த நாற்றத்தின் நடுவே நின்றுதான் பாடம். பாகனும் பாகனின் உதவியாளான காவடியும் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டவர் என்பதும் அவரைப் பற்றிச் சொல்லப்படுவது. முழங்கை வரை ஈரமாகாமல் இந்தத் தொழிலில் ஆசிரியராக முடியாது என்பதற்கு அவர் ஒரு எடுத்துக்காட்டு. சென்னை வேப்பேரிக் கல்லூரிக்கு 1903 முதல் நீளும் வரலாறு உண்டு, 1989-ல் அது தனிப் பல்கலைக்கழகத்தின் பகுதியும் ஆனது. இருந்தும் யானை வைத்தியத்துக்கு முகாம்தான் வகுப்பறையாக இருந்தது.

தலைமை என்பதை மனிதர்களோடு நிறுத்தாமல் திட்டங்களோடும் பொருத்திப் பார்க்க வேண்டும். அதற்கும் நெகிரி செம்பிலானிலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு கிடைக்கிறது. கெமாஸில் அமைந்த தேசிய மாட்டுத் தீவனக் கொட்டில் திட்டம். நாட்டின் மாட்டிறைச்சித் தேவையை உள்நாட்டிலேயே கூடுதலாக நிறைவு செய்ய வேண்டும், அதைச் சுற்றிச் சிறு பண்ணையாளர்களையும் தொழில்முனைவோராக வளர்த்துவிட வேண்டும் என்று சொல்லப்பட்டது. 250 மில்லியன் ரிங்கிட் சலுகைக் கடன் ஒதுக்கப்பட்டது. 2011-ல் வெளிவந்த தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, 2010-ல் 8,000 மாடுகள் இருக்க வேண்டிய இடத்தில் 3,289 மாடுகளே இருந்தன என்று காட்டியது. அதாவது 41 விழுக்காடு. பிறகு அந்த விவகாரம் அரசியல் மேடைக்கும் நீதிமன்றத்துக்கும் போனது. குற்றஞ்சாட்டப்பட்ட நிறுவனத் தலைவர் பின்னர் விடுவிக்கப்பட்டார். அந்தப் பக்கம் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது.

எழுதப்படாத பக்கம் ஒன்று உண்டு. பெரிய பண்ணை ஒன்றை நடுவில் வைத்து, சுற்றியிருக்கும் சிறியவரைக் கைதூக்கிவிடுவது என்பது காகிதத்தில் அருமையான வழிகாட்டல் திட்டம். நடைமுறையில், மாடு எப்போது வரும், யார் ஊசி போடுவார், கன்று செத்தால் யார் பதில் சொல்வார் என்ற கேள்விகளோடு சிறு பண்ணையாளர் வந்து நிற்கும்போது எதிரே கால்நடை தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும். தலைமை நாற்காலியில் கணக்கு தெரிந்தவரும் அரசியல் தெரிந்தவரும் அமரலாம், தவறில்லை. மாடு தெரிந்தவரின் சொல் அந்த மேசையில் எவ்வளவு எடுபடுகிறது என்பதை வைத்தே இப்படிப்பட்ட திட்டங்களை எடைபோட வேண்டும். கெமாஸைப் பற்றிய விவாதங்களில் அரசியலும் வழக்கும் பேசப்பட்ட அளவுக்கு மாடுகள் பேசப்படவில்லை.

தோட்டங்களில் மாடு இன்றும் உண்டு, ஆனால் வேறு வேடத்தில். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது முதலில் மாடு பகையானது. இளங்கன்றை மேய்கிறது, மண்ணை மிதித்து இறுக்குகிறது என்று நிர்வாகங்கள் புகார் சொல்லின. லயத்துக் கொட்டகைகளைப் பிரிக்கச் சொன்ன இடங்களும் உண்டு. பிறகு ஆராய்ச்சி நிலையங்கள் வேறு கணக்குப் போட்டன. வளர்ந்த செம்பனைக்கு அடியில் மின்வேலி கட்டி, வட்டம் வட்டமாக மாட்டை மேய விட்டால் களைக்கொல்லிச் செலவு குறைகிறது, இறைச்சியும் கிடைக்கிறது. மலேசியச் செம்பனை வாரியம் இந்த முறையை ஊக்குவித்து வருகிறது. ஒரு தலைமுறைக்கு முன் தமிழ்க் குடும்பங்கள் அனுமதியில்லாமல் செய்ததை நிறுவனம் திட்டம் போட்டுச் செய்கிறது. அதில் ஒரு நகைமுரண் இருப்பதைப் பழைய தோட்டத்துக்காரர்கள் கவனிக்காமல் இல்லை.

இந்த மந்தைகளைத் தினமும் பார்ப்பவர் கால்நடை மருத்துவர் அல்லர். மேய்ப்பவர், மேற்பார்வையாளர், அவருக்கு மேலே கால்நடை உதவியாளர். குளுவாங்கில் உள்ள கால்நடைப் பயிற்சிக் கழகம் இந்த உதவியாளர்களை உருவாக்குகிறது. கோமாரிக்குத் தடுப்பூசி போடுவதும், தொண்டை அடைப்பான் சந்தேகம் வந்தால் மாதிரி எடுப்பதும், சினை ஊசி போடுவதும் பெரும்பாலும் இவர்கள் கையில். ஆண்டுக்கணக்கில் ஒரே மாவட்டத்தில் இருப்பவர்களும் இவர்களே. புதிதாகப் பட்டம் வாங்கி வரும் இளம் மருத்துவர் பதவியில் இவர்களுக்கு மேலே. அனுபவத்தில் வெகுவாகக் கீழே. இந்த உறவைச் சரியாக அமைத்துக்கொண்ட அலுவலகங்களில் இளம் மருத்துவர் சீக்கிரம் தேறுகிறார். 'அண்ணே, இதை எப்படிப் பிடிப்பீங்க?' என்று கேட்பதை மரியாதைக் குறைவாக நினைத்த மருத்துவர் மாட்டிடம் உதை வாங்கித்தான் கற்கிறார். ஆனாலும் வழிகாட்டல் பற்றிய கருத்தரங்குகளில் உதவியாளரை ஆசிரியராகக் குறிப்பிடும் குரல் அரிது. தொழிலின் தலைமை தன்னைத் தானே வஞ்சித்துக்கொள்ளும் இடம் இது.

பிரிட்டனில் இந்தக் குறையைச் சட்டதிட்டமாகவே தீர்க்கப் பார்க்கிறார்கள். 2021 முதல் புதிதாகப் பட்டம் பெற்ற ஒவ்வொரு கால்நடை மருத்துவருக்கும் பணியிடத்தில் பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் இருக்க வேண்டும் என்று அங்குள்ள அரச கால்நடை மருத்துவர் கழகம் ஏற்பாடு செய்திருக்கிறது. முன்பிருந்த முறையில் இளையவர் தானே ஒரு பட்டியலை நிரப்பி அனுப்பினால் போதும். இப்போது மூத்தவர் நேரம் ஒதுக்கி உட்கார வேண்டும், அதற்கென்று அவரும் படிக்க வேண்டும். 1940-ல் யார்க்ஷர் வட்டாரத்துத் தெர்ஸ்க் ஊரில் டொனால்டு சின்கிளேரிடம் உதவியாளராகச் சேர்ந்த ஆல்ஃப் வைட்டுக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. கோபக்கார முதலாளியும் குளிர்ந்த கொட்டில்களும்தான். அவர் பின்னாளில் ஜேம்ஸ் ஹெரியட் என்ற பெயரில் அதை எல்லாம் கதையாக எழுதி உலகப் புகழ் பெற்றார். அந்த முறையில் தேறாமல் தொழிலைவிட்டே போனவர்கள் கதை எழுதவில்லை.

வழிகாட்டல் இல்லாததன் விலை உயிராகவும் இருக்கலாம். ஹெண்ட்ரா தொற்றி ஆஸ்திரேலியாவில் 2008-ல் பென் கன்னீன், 2009-ல் அலிஸ்டர் ராட்ஜர்ஸ் என இரண்டு கால்நடை மருத்துவர்கள் இறந்தார்கள். குதிரையைத் தொடுவதற்கு முன் கையுறையும் முகக்கவசமும் அணிவது ஒரு தலைமுறை மருத்துவர்களுக்குப் பழக்கத்தில் இல்லை. புத்தகத்தில் படித்த விதி, பக்கத்தில் நிற்கும் மூத்தவர் அதைக் கடைப்பிடிக்காதவரை இளையவரின் உடம்பில் ஏறாது. 2012-ல் குதிரைகளுக்குத் தடுப்பூசி வந்தது. பழக்கமும் அதன்பின் மெல்ல மாறியது.

மலேசியாவுக்குத் திரும்பினால், சோதனைகள் ஓயவில்லை. 2015-ல் வடமாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் மீண்டும் தலைகாட்டியது, 2017-ல் சரவாக்கில் பரவியது. 2021 பிப்ரவரியில் சபாவில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் நுழைந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் தீபகற்பத்துக்கும் வந்துவிட்டது. இது மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பன்றியை நிப்பாவைப்போல் விட்டுவைக்காது. கொட்டில் கொட்டிலாகச் சாய்த்துவிடும். ஒவ்வொரு முறையும் முதலில் பண்ணைக்குப் போவது மாவட்டக் கால்நடை அலுவலகத்து ஆட்கள். இதற்கிடையில் புதிதாகப் படித்து வருபவர்களை நகரத்து நாய், பூனை மருத்துவமனைகள் ஈர்க்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் குளிர்சாதன அறை, நல்ல வருமானம், இரவில் தூக்கம். கெமாஸிலோ பஹாவிலோ சேறும் உண்ணியும். யாரையும் குறை சொல்ல முடியாது. கிளந்தானில் இரண்டாவது கால்நடை மருத்துவப் பீடம் ஏற்பட்ட பிறகு பட்டதாரிகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. அவர்களைப் பண்ணைப் பக்கம் அழைத்துப் போகும் கைகள் அதே விகிதத்தில் கூடவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளின் நிலையும் இதோடு சேர்ந்ததே. தோட்டத்தில் மாட்டோடு வளர்ந்த குடும்பத்துப் பிள்ளை மருத்துவம் என்றால் மனித மருத்துவத்தைத்தான் நினைக்கிறது. பெற்றோரும் 'மாட்டு டாக்டரா?' என்று முகம் சுளிப்பதுண்டு. கல்வி வழிகாட்டிக் கூட்டங்களுக்கு வக்கீலும் பொறியியலாளரும் வருகிறார்கள். இந்திய வம்சாவளிக் கால்நடை மருத்துவர்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. கோலப்பிலாவிலோ தம்பினிலோ ஒரு தமிழ்ப்பள்ளிக்கு அவர்களில் ஒருவர் அரை நாள் வந்து, சினைப்பசுவின் வயிற்றில் கன்று எப்படிப் படுத்திருக்கும் என்று பலகையில் வரைந்து காட்டினால் போதும், நாலு பிள்ளைகளாவது பாட்டி வீட்டுக் கொட்டகையை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். இதற்கு அமைச்சின் அனுமதிக் கடிதத்துக்கு மேல் பெரிய செலவில்லை.

துறை செய்யக்கூடியது இன்னும் நேரடியானது. புதிதாகச் சேரும் மருத்துவரின் முதல் ஆண்டில் குறிப்பிட்ட மாதங்களை அனுபவமுள்ள கால்நடை உதவியாளரோடு மந்தைகளில் கழிக்க வைக்கலாம். அதை உதவியாளரின் பணிப்பதிவில் கற்பித்த நேரமாக ஏற்றலாம். பண்ணையிலிருந்து வரும் 'வழக்கமில்லாத' அறிகுறிகளை, சாவு எண்ணிக்கை எவ்வளவு குறைவானாலும், ஈப்போவுக்கு நேரடியாக அனுப்பும் வழியை மாவட்ட நிலையிலேயே திறந்துவைக்கலாம். 1999-ல் பெலாண்டோக்கில் நின்றவர்களின் நினைவுகளை, அறிக்கையில் ஏறாதவற்றையும் சேர்த்து, ஒலிப்பதிவாகவாவது எடுத்து வைக்கலாம். யார் முதலில் அந்த இருமலைக் கேட்டார், யாரிடம் சொன்னார், அவர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் ஆய்விதழ்களில் இல்லை.

புக்கிட் பெலாண்டோக்கில் இப்போது பன்றிப் பண்ணைகள் இல்லை. கொட்டில் இருந்த நிலங்களில் பெரும்பகுதி செம்பனைக்கும் வேறு பயிருக்கும் மாறிவிட்டது. அங்கே போய்ப் பார்த்துக் கற்க எதுவும் மிச்சமில்லை. கேட்டுக் கற்க ஆட்கள் இருக்கிறார்கள். மலேசிய அரசுப் பணியில் ஓய்வு வயது 60. 1999-ல் 25 வயதில் பணியில் சேர்ந்து, அந்தக் கொட்டில்களில் இரத்த மாதிரி எடுத்த மருத்துவர் ஒருவர் 2034-ல் ஓய்வு பெறுவார். அன்று 35 வயதில் இருந்த அவருடைய மேலதிகாரி 2024-லேயே வீட்டுக்குப் போய்விட்டார்.